சென்னை மாகாணத்தில் உத்தியோக நியமனமும் பதவி உயர்வும்: விதிகளின் வரலாறு

சென்னை மாகாணத்தில் சர்க்கார் உத்தியோகங்களுக்கு ஆள் எடுத்த முறையின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1921-ஆம் ஆண்டின் வகுப்புவாரி உத்தரவிலிருந்தே தொடங்குவது வழக்கமாக இருக்கிறது. ஆயினும், அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்னரே, 1854-இல், ரெவினியூ போர்டின் நிலையாணை 128-இன் இரண்டாம் பிரிவு, ஜில்லாவின் கீழ்நிலை உத்தியோகங்கள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் ஏகபோகமாகிவிடாதபடி கலெக்டர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமென்றும், முக்கியமான நியமனங்களைப் பல ஜாதியாருக்கும் பகிர்ந்தளிக்க எப்போதும் முயல வேண்டுமென்றும் விதித்திருந்தது. நோக்கத்தில் இவ்வளவு தெளிவாக இருந்த ஒரு விதி இரண்டு தலைமுறைக் காலம் ஏட்டளவிலேயே கிடந்ததற்குக் காரணம், அதை இயற்றியவர்கள் அதனை நிறைவேற்றும் சாதனம் எதையும் உடன் இயற்றவில்லை என்பதே என் முடிபு.

அக்காலக் கச்சேரியின் நடைமுறையை அருகிருந்து நோக்கினால் இது விளங்கும். கலெக்டர் கடல் கடந்து வந்தவர். சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர். ஜமாபந்திக் கணக்குகளும், தேச பாஷைகளில் வந்த மனுக்களின் சாரமும், கலெக்டர் கச்சேரியின் தலைமை உள்நாட்டு உத்தியோகஸ்தரான ஹுஜூர் சிரஸ்தாரின் வாய்வழியாகவே பெரும்பாலும் அவரை எட்டின. ஒரு குமாஸ்தா வேலை காலியாவதை முதலில் அறிகிறவரும் சிரஸ்தாரே. சம்பளமின்றிக் கச்சேரியில் எழுதிப் பழகிவந்த தம் மருமகனையோ தம்பி மகனையோ கைதேர்ந்தவனென்று முன்னிறுத்த வல்லவரும் அவரே. 1840-களில் குண்டூர் ஜில்லாவின் நிர்வாகச் சீர்கேட்டை விசாரித்த வால்டர் எலியட் கண்டதும், உறவாலும் பரஸ்பர உபகாரத்தாலும் பிணைந்த ஓர் உத்தியோகஸ்தர் கூட்டத்தின் பிடியில் வரி வசூல் சிக்கியிருந்ததைத்தான். பகிர்ந்தளிக்க முயலுங்கள் என்னும் ஆணை, அது யாரைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அவர்கள் கையிலேயே ஒப்படைக்கப்பட்டிருந்தது.

1853-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் மேல்நிலை சிவில் சர்வீசுக்குப் போட்டிப் பரீட்சையைக் கொணர்ந்தது. அப்பரீட்சை 1922 வரையில் இங்கிலாந்தில் மட்டுமே நடைபெற்றது. தாலுகா கச்சேரி குமாஸ்தாவின் நியமனத்தை அது தீண்டவில்லையாதலின், அதனை இங்கு விரித்தல் அவசியமன்று.

நீதிக்கட்சி அமைச்சு ஏற்பட்டபின், 1921 செப்டம்பர் 16-ஆம் தேதி வெளியான 613-ஆம் எண் உத்தரவு, பழைய நிலையாணையின் கோட்பாட்டை எல்லா இலாகாக்களுக்கும் விரித்தது. அத்துடன், புதிதாக எடுக்கப்பட்டவர்களைப் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றையோர் என ஆறு வகுப்பாகப் பிரித்து அரையாண்டுக்கொரு முறை கணக்கு அனுப்பும்படியும் பணித்தது. 1922 ஆகஸ்டு மாதத்து உத்தரவோ, ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு ஆட்களை மொத்தமாக உயர்த்தும் இடங்களுக்கும் இக்கோட்பாடு பொருந்தும் என்றது. நியமனத்தையும் பதவி உயர்வையும் ஒருங்கே நோக்கிய அந்த உத்தரவு, ஆராய்ச்சியாளரிடம் அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது. எனினும், கணக்குக் கேட்பது வேறு, எண்ணிக்கையை நிர்ணயிப்பது வேறு. இலாகாத் தலைவர் கணக்கை அனுப்பிவிட்டுப் பழைய வழியிலேயே செல்ல இடமிருந்தது.

அந்த இடத்தை அடைத்தது, டாக்டர் சுப்பராயன் அமைச்சின் காலத்தில் 1927-இல் வகுக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் அமைச்சரான எஸ். முத்தையா முதலியாரின் உறுதியால் நடைமுறைக்கு வந்த சுழற்சி முறையாகும். 12 நியமனங்களை ஒரு வட்டமாகக் கொண்டு, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முகமதியருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1 என அது பங்கிட்டது. கல்வியும் நிலமும் மறுக்கப்பட்டிருந்த மக்களுக்குப் பன்னிரண்டில் ஒன்றே தந்தது நியாயமன்று. ஆண்டுக்கு ஒரே ஓர் இடம் காலியாகும் அலுவலகத்தில் அந்த ஒருவருடைய முறைக்காகப் பல்லாண்டுகள் காத்திருக்கவும் நேரும். ஆனாலும், காலியிடம் யாருக்கு என்பதை மேலதிகாரியின் பிரியம் அல்லாமல் ஒரு வரிசை எண் தீர்மானிப்பது இந்நாட்டு நிர்வாகத்தில் பெரும் புதுமை. 1929-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால், ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினரும் கொண்ட சென்னை சர்வீஸ் கமிஷன் பிறந்தது. மாகாணங்களில் இத்தகைய கமிஷனை முதலில் கண்டது சென்னையே. ஆள் தேர்வு இங்ஙனம் கச்சேரியை விட்டு வெளியேறத் தொடங்கியது.

1947 நவம்பரில் வட்டம் 14 ஆகத் திருத்தப்பட்டு, பிற்பட்ட இந்துக்களுக்கென முதன்முறையாகத் தனியே 2 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஹரிஜனங்களின் பங்கும் 2 ஆயிற்று. அரசியல் சாசனம் வந்தபின், ஜில்லா முன்சீப் பதவிகள் 83-ஐ ஹரிஜனங்களுக்கு 19, முகமதியருக்கு 5, கிறிஸ்தவருக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாதாருக்கு 32, பிராமணருக்கு 11 எனப் பிரித்தது வழக்காகி, 1951-இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. ஹரிஜனங்களுக்கும் பிற்பட்டோருக்கும் ஒதுக்கியது 16-ஆம் விதியின் நான்காம் உட்பிரிவின்படி செல்லும். ஏனைய வகுப்புப் பங்கீடு செல்லாது என்பது தீர்ப்பு. எல்லா வகுப்பாருக்கும் பங்கு என்றிருந்த கோட்பாடு, பின்தங்கியவருக்குப் பாதுகாப்பு என்னும் கோட்பாடாக அன்று மாறிற்று.

பதவி உயர்வின் கதை வேறு. மாநில, சார்நிலைப் பணிகளின் பொது விதிகள், தேர்வுநிலைப் பதவிகளுக்குத் தகுதியும் திறமையுமே அடிப்படையென்றும், அவை இருவரிடத்து ஏறக்குறைய ஒத்திருந்தால் மட்டுமே முதுநிலை கருதப்படுமென்றும் கூறின. துறைத் தேர்வில் தேறியதும் பணிப் பதிவேட்டில் குறையின்மையும் எவரும் சரிபார்க்கக் கூடியவை. தகுதியோ, மந்தண அறிக்கையில் மேலதிகாரி எழுதும் குறிப்பினின்றே பெரிதும் அறியப்பட்டது. பழைய சிரஸ்தாரின் அதிகாரம் நுழைவாயிலில் ஒழிந்தபின் பதவி உயர்வின் படிகளில் வந்து குடியேறியது என்று சொல்வது மிகையாகாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயில், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்குத் தேர்வுநிலைப் பதவிகளில் ஒதுக்கீடு செய்ததை எதிர்த்த ரங்காச்சாரி வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அவ்வொதுக்கீட்டை மறுத்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் அதனை நிலைநிறுத்தியது. 1992-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அக்கருத்தைக் கைவிட, 1995-இல் அரசியல் சாசனத்தின் 77-ஆம் திருத்தம் அவ்விரு வகுப்பாருக்கும் பதவி உயர்வில் ஒதுக்கீடு செய்யும் அதிகாரத்தை அரசுக்கு மீட்டளித்தது.