கர்ணம் வீட்டுத் திண்ணை

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் அரசாங்க அலுவலகம் என்பது 1980 நவம்பர் வரை பெரும்பாலும் ஒருவருடைய வீடுதான். சிட்டா நகல் வேண்டும், அடங்கலில் பெயர் ஏறியிருக்கிறதா பார்க்க வேண்டும், வரி கட்டிய ரசீது வேண்டும் என்றால் கர்ணம் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஊரின் நிலக்கணக்கு முழுவதும் அவர் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும். அவர் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார். 1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. புதுவீட்டில் ஆபீஸ் ரூமை எங்கே வைப்பது, எப்படி அலங்கரித்தால் வேலை ஓடும் என்ற பேச்சு 2020 ஊரடங்கில் பிறந்ததுபோல இப்போது நாம் பேசிக்கொள்கிறோம். இந்த வட்டாரத்தில் வீடும் வேலையிடமும் ஒன்றாகக் கிடந்த காலம்தான் நீளம், பிரிந்திருந்த காலம் குறைவு. இன்னொன்றும் உண்டு. வெளியாள் வந்து நிற்கிற வேலை எந்த இடத்தில் நடந்ததோ, அந்த இடத்துக்குத்தான் வீட்டுக்காரர் பணத்தையும் பக்குவத்தையும் செலவழித்தார். வீட்டலங்காரத்தின் வரலாற்றை ரசனையின் வரலாறாகப் படிப்பதைவிட, யார் முன்னால் யார் உட்கார்ந்தார் என்பதன் வரலாறாகப் படித்தால் இந்த ஊர்களின் வீடுகள் நன்றாகப் புரியும் என்பது என் வாதம்.

பழைய சான்று தேடுகிறவர்கள் மாமல்லபுரத்துக்குப் போவார்கள். ஐந்து ரதங்களில் சிறியதான திரௌபதி ரதம் சதுரமான ஓலைக்குடிசையைப் பார்த்து ஒரே பாறையில் செதுக்கியது. 7ஆம் நூற்றாண்டு வேலை. கூரையின் சாய்வும், அதன் மூலைகளில் ஓடும் கொடிவேலைப்பாடும் மரத்தையும் ஓலையையும் அறிந்த கைகளின் வேலை என்பது பார்த்தவுடன் தெரியும். வாசலின் இரு பக்கமும் காவல் பெண்கள், மாடங்களுக்கு மேலே மகர தோரணம். ஆனாலும் இது கொற்றவையின் கோயில், குடும்பம் நடத்திய வீடு கிடையாது. ஆகவே பல்லவர் காலத்துக் குடியானவன் தன் வாசலை இப்படித்தான் அலங்கரித்தான் என்று இதைக் கொண்டு சாதிக்க முடியாது. அன்றைய குடிசைக் கூரை எப்படி வளைந்தது என்பதற்கு மட்டும் இது சாட்சி. அதைவிட உறுதியான சான்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூரில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள், வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுகிறவருக்கு நிலத்தோடு சேர்த்துச் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும் என்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்குகின்றன. சொந்த மனையும் சரியான கணக்கும் இல்லாதவனுக்கு ஊர்ப்பொறுப்பு இல்லை என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதிவிட்டார்கள். மனையைப் பற்றிய இந்த நிபந்தனைக்குப் பிறகு திரும்ப வருவேன்.

கணக்கும் வீடும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதைக் காட்டும் பெரிய ஆவணம் 18ஆம் நூற்றாண்டினுடையது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறக்குறைய 2,000 ஊர்களை ஆய்வு செய்தார். ஊர்வாரியாக எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று அதில் கணக்கு விரிகிறது. பர்னார்டு இதையெல்லாம் வீடு வீடாகப் போய் எண்ணியிருக்க முடியாது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள், அதாவது கர்ணங்கள், தலைமுறையாக ஓலையில் எழுதி வைத்திருந்த கணக்குகள் இல்லாவிட்டால் இந்த ஆய்வே நடந்திருக்காது. கம்பெனி எடுத்த அந்தப் பெரிய புள்ளிவிவரம் இங்கத்து வீட்டுப் பரண்களில் இருந்து இறங்கி வந்தது.

கணக்குப்பிள்ளையின் வீட்டு அலுவலகத்துக்குத் தேவைப்பட்ட சாமான் மிகக் குறைவு. ஓலையில் எழுத மேசை வேண்டாம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியை அதிகம் நகர்த்தாமல் ஓலையை நகர்த்தித்தான் எழுதுவார்கள். எழுத்தாணி வழுக்காமல் ஊன்றிக்கொள்ள இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் சிறிய பள்ளம் வெட்டிக்கொள்வதும் உண்டு. கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய விளக்குக் கரியைத் தடவித் துடைப்பார்கள். ஒரு கீறலுக்கும் அடுத்த கீறலுக்கும் நடுவே நிழல் விழக்கூடாது என்பதால் வெளிச்சம் மட்டும் நன்றாக வேண்டும். அந்த வெளிச்சம் கூடத்தில் கிடைக்காது, நடுவறையில் சுத்தமாகக் கிடைக்காது. தெருவைப் பார்த்த திண்ணையில் கிடைக்கும். சாய்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை வெயிலைத் தடுக்கும், பிற்பகலில் கடற்காற்றும் எட்டிப் பார்க்கும். எழுதி முடித்த சுவடிகள் உள்ளே போய்விடும்; பூச்சி அரிக்காமல் இருக்க அடுப்புப் புகை படும் பரண்தான் அவற்றுக்கு இடம். காகிதம் வந்தபின் சாய்வான மூடியுள்ள கணக்குப்பெட்டி வந்தது. மூடியின் மேல் எழுதலாம், உள்ளே நோட்டும் முத்திரையும் பணமும் வைக்கலாம், மாலையானால் பெட்டியோடு தூக்கிக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பூட்டலாம்.

இனி அந்தத் திண்ணை எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். கோவளம், முட்டுக்காடு கழிகளில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, அரைத்து எடுத்த சுண்ணாம்புக்கு இந்தக் கடற்கரையில் பெரிய பேர் இருந்தது. சென்னையின் வெள்ளைக்கார வீடுகளின் சுவர்கள் பளிங்குபோல் மின்னியதும் இத்தகைய கிளிஞ்சல் சுண்ணாம்பால்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து, பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்தால்தான் அந்த மினுமினுப்பு வரும். இத்தனை கூலி கேட்கிற வேலையை யாரும் வீடு முழுக்கச் செய்துகொள்ள மாட்டார்கள். வசதியுள்ளவர் வீட்டிலும் அது திண்ணைக்கும் அதை ஒட்டிய சுவருக்கும் போகும். மற்ற அறைகளில் தரைக்குச் சாணி மெழுக்கு, சுவருக்குச் சாதாரண வெள்ளை. செதுக்கின மரத்தூணும் திண்ணையில்தான் நிற்கும். தச்சர் கைவரிசை அத்தனையும் வாசற்காலில் தெரியும். நிலை நிறுத்துகிற அன்று பூசை போடுவதும் அந்த வாசலுக்குத்தான். குடியேறுமுன் தச்சுக் கழிப்பதும், மாவிலை கட்டுவதும், காவிப்பட்டை அடிப்பதும், கோலம் போடுவதும் தெருவைப் பார்த்த பக்கத்திலேயே நடக்கின்றன. படுக்கிற அறையைப் பற்றி இவ்வளவு கவலை யாரும் பட்டதாகத் தெரியவில்லை. (மனையடி சாஸ்திரம் அறைக்கு அறை அளவு சொல்லுமே என்றால், அது அளவு சொல்லும், சுவரில் என்ன மாட்டுவது என்று சொல்லாது.)

இங்கே ஒருவர் மறுக்கலாம். திண்ணை வழிப்போக்கனுக்காகக் கட்டியது, தருமத்துக்கு விட்ட இடம், அதை ஆபீஸ் என்பது இன்றைய ஆசையைப் பழசின் மேல் ஏற்றுவது என்பார்கள். வழிப்போக்கன் படுத்தது உண்மை. தலைவைக்கத் திண்டு எழுப்பிய திண்ணைகள் அதற்கு அடையாளம். ஆனால் இரவில் தூங்கக் கொடுத்த இடத்தில் பகலில் கணக்கு நடப்பதில் என்ன முரண்? பள்ளிக்கூடமும் அங்கேதான் நடந்தது. 1797இல் ஆண்ட்ரூ பெல் சென்னை அநாதைப் பள்ளியில் கையாண்ட முறையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டபோது, மணலில் விரலால் எழுதப் பழகிய இந்த நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அதற்கான யோசனை வந்தது என்று ஒப்புக்கொண்டார்; திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பழக்கம் அப்படி இங்கிலாந்துக்குப் போனது. வட்டிக் கணக்கு, நாட்டு வைத்தியம், ஜாதகம் எல்லாம் அதே திண்ணையில்தான். ஒரே இடம் பல வேலைக்கு உதவியது என்பது என் வாதத்தைக் குறைக்கவில்லை. அத்தனை வேலைக்கும் பொதுவானது ஒன்று: வெளியாள் வருவான், ஆனால் உள்ளே வரமாட்டான்.

நெசவாளர் வீடு இன்னும் கடினமான மறுப்பு. 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி வீட்டுக்குள்ளேதான் போடப்பட்டது. குழித்தறி என்றால் வீட்டின் நல்ல அறையில் பள்ளம் தோண்டி, அதில் கால் தொங்கவிட்டு நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார வேண்டும். மண்ணின் ஈரம் நூலுக்கு நல்லது. குடும்பம் தறியைச் சுற்றி மிச்சமிருந்த இடத்தில் சமைத்தது, படுத்தது. பாவு நீட்ட மட்டும் விடிகாலையில் தெருவுக்கு வருவார்கள். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்றைத் திரும்ப எழுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் தூணைப் படம்பிடிக்கிறார்கள். அந்த அழகில் மறைந்துபோகிற ஒன்று உண்டு. கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும், அந்தக் கை பல காலம் ஒரு குழந்தையின் கையாக இருந்தது. வீட்டுக்குள் வேலை என்பது தானே இனிமையானது என்று யாராவது சொன்னால் காஞ்சிபுரத்தைக் காட்டலாம். என் வாதத்துக்கும் இது ஒத்தே வருகிறது: தறி இருந்த அறைக்கு வெளியாள் வந்து உட்கார வேண்டியதில்லை, அதனால் அதற்குப் பளபளப்பு கிடைக்கவில்லை. அழகு முழுவதும் சேலையோடு வீட்டை விட்டுப் போய்விட்டது.

மூன்றாவது மறுப்பை மறுக்கவே முடியாது, ஏற்றுக்கொண்டு அதன் வழியே போகத்தான் முடியும். உத்திரமேரூர்க் கல்வெட்டு கேட்ட சொந்த மனை எத்தனை பேருக்கு இருந்தது? 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அவர்கள் குடியிருந்த குடிசையின் அடிநிலம்கூட மிராசுதாரர் கையில் இருந்தது. கூலி போதாது என்று வாய் திறந்தால் மனையை விட்டுப் போ என்று சொல்லிவிடலாம். நாளைக்குக் காலி செய்யச் சொல்லக்கூடிய இடத்தில் யார் தூண் செதுக்குவார், யார் சுண்ணாம்பு தேய்ப்பார்? அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையால்தான் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்பது உண்டானது. அதை மீட்கும் போராட்டம் நூறு ஆண்டு கழித்தும் முடியவில்லை. 1994இல் காரணை ஊரின் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். சேரியில் பிறந்தவர் தன் பெயரை அடங்கலில் பார்க்க வந்தபோது அந்த மெருகேறிய திண்ணையில் ஏற முடியாது. தெருவில் நின்று கேட்க வேண்டும். திண்ணையின் உயரம் வெள்ளத்துக்கும் தூசிக்கும் மட்டும் போட்ட உயரமாக இருந்ததில்லை.

ஆகவே வீட்டையும் அலுவலகத்தையும் வெள்ளைக்காரன்தான் பிரித்துக் கெடுத்தான் என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. கச்சேரிக்குத் தனிக் கட்டடம் கட்டியது கம்பெனி ஆட்சிதான். ஆனால் அதன் நிழலிலும் கிராமத்துக் கணக்கு கர்ணம் வீட்டிலேயே இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. அதை அங்கிருந்து எடுத்தது சுதந்திர நாட்டின் மாநில அரசு. கர்ணத்துக்குப் பதிலாக வந்த வி.ஏ.ஓ.வின் (கிராம நிர்வாக அலுவலர்) ஆபீஸ் பெரும்பாலும் அழகில்லாத கட்டடம். டியூப்லைட், இரும்பு பீரோ, சுவரில் நாள்காட்டி. ஆனால் அதன் படியை யாரும் ஏறலாம். அழகான திண்ணைக்கும் அழகில்லாத அந்த அறைக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் பொதுவேலைக்கு நான் அறையைத்தான் எடுப்பேன்.

சொந்த வேலை வேறு கதை. சிறுசேரி சிப்காட்டும் மகேந்திரா வேர்ல்டு சிட்டியும் வந்தபின் இந்த வட்டாரத்தில் எழும்பிய அடுக்குமாடிகளில் திண்ணைக்கு இடமில்லை. லிஃப்டில் இருந்து இறங்கினால் நேரே கதவு. 2020 மார்ச்சில் வேலை திரும்ப வீட்டுக்குள் வந்தபோது அது படுக்கையறை மூலையில் போய் உட்கார்ந்தது. அடுக்குமாடியில் திண்ணைப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்த மூலையில் மக்கள் முதலில் செய்தது என்ன என்று பார்த்தால் பழைய வழக்கம் தெரிகிறது. வீடியோ காலில் தலைக்குப் பின்னால் தெரிகிற சுவரைத்தான் முதலில் சரிசெய்தார்கள். கொடியில் காயும் துணியை ஒதுக்கினார்கள், ஒரு புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தார்கள், ஒரு தொட்டிச் செடி, ஒரு தஞ்சாவூர் ஓவியம். அந்நியர் கண் படுகிற பக்கத்துக்குத்தான் இப்போதும் செலவு. வேறுபாடு உட்காரும் திசையில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை சுவருக்கு முதுகு கொடுத்து, தெருவையும் வெளிச்சத்தையும் பார்த்து உட்கார்ந்தார்; மெருகு அவர் கைக்கு அருகிலும் இருந்தது, வருகிறவர் கண்ணிலும் பட்டது. இன்றைய மூலையில் அலங்காரம் முழுவதும் முதுகுக்குப் பின்னால் போய்விட, வேலை செய்கிறவர் நாளெல்லாம் பார்ப்பது லேப்டாப் திரையையும் அதற்குப் பின்னால் உள்ள வெறும் சுவரையும். மேசையைப் பால்கனிப் பக்கமோ ஜன்னல் பக்கமோ திருப்பிப் போட்டால் கேமராவில் அவருக்குப் பின்னால் தெரிவது கட்டிலாக இருக்கும். அதனால்தான் பலரும் திருப்பிப் போடுவதில்லை.