பேசிய விரல்கள்

கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் என் குரல் எந்திரன் குரலாகிவிடுகிறது. பேச்சைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் உள்ள அலைகளெல்லாம் ஒரே கணத்தில் உச்சம் தொடும்படி மாற்றுவது இதற்கொரு வழி. ஏற்ற இறக்கம் போய் ஒற்றைச் சுருதி மிஞ்சும். கணினிக்கு இது நொடிநேரக் கணக்கு. ஆனால் எந்திரத்தைப் பேசவைத்ததில் பெண்களின் கைகளுக்கு ஒரு வரலாறு உண்டு.

1939, நியூயார்க் உலகக் கண்காட்சி. பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி உருவாக்கிய 'வோடர்' மக்கள்முன் பேசியது. அதை இயக்கியவர்கள் இளம்பெண்கள். தொலைபேசி இணைப்பகங்களில் வேலை பார்த்தவர்கள். மணிக்கட்டால் ஒரு பட்டையை அழுத்தி ரீங்காரத்தையும் சீறலையும் மாற்ற வேண்டும். பத்து விரல்களும் பத்து அதிர்வெண் பட்டைகளைக் கூட்டிக் குறைக்கும். வெடிப்பொலிகளுக்குத் தனி விசைகள். கால்மிதியால் சுருதி. கைவர ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. ஹெலன் ஹார்ப்பர் தானும் தேர்ந்து மற்றவர்களுக்கும் கற்றுத்தந்தார்.

அறிவிப்பாளர் ஒரு வாக்கியத்தைச் சொல்லவைக்கக் கேட்பார். பெண் வாய் திறக்கமாட்டாள்; எந்திரம் ஆண்குரலில் பேசும். அதற்குச் செல்லப்பெயர்கூட இருந்தது: பெத்ரோ. காப்புரிமை டட்லிக்கு. அழுத்தம் எந்தச் சொல்லில் விழவேண்டுமென்று அறிந்திருந்த பாதத்துக்கு எந்த உரிமையும் இல்லை. திறமை என்று சொல்லவேண்டியதைப் பழக்கம் என்று சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

தொல்காப்பியப் பிறப்பியல் நடத்தும்போது நெஞ்சு, மிடறு, நா, இதழ் எனக் கரும்பலகையில் எழுதுவேன். இப்போதெல்லாம் எழுதி முடித்தபின் மாணவிகளிடம் இந்தக் கதையையும் சொல்கிறேன்: விரல், மணிக்கட்டு, பாதம்.