நெற்றியில் ஒரு மலை

தலை விண் விண்ணென்று தெறிக்கிறது. ஆபீஸ் டென்ஷன், டிராஃபிக் டென்ஷன், வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் மார்க் ஷீட் டென்ஷன். மாத்திரை டப்பாவைத் தேடுகிறீர்கள். பாட்டி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ''மாத்திரை கெடக்கட்டும்டா... அந்தச் சந்தனக் கல்லை எடு!''

நாலு சொட்டுத் தண்ணீர், ஒரு துண்டு கட்டை, ஐந்து நிமிஷத் தேய்ப்பு. வழித்து நெற்றியில் பூசினால் சில்லென்று ஒரு சமாதானம்.

இந்த வைத்தியத்துக்கு வயது ஏறக்குறைய 2,000 வருஷம். சங்க இலக்கியமான 'நெடுநல்வாடை'யில் ஒரு காட்சி. கூதிர்காலக் குளிர் வாட்டுகிறது. வடக்கிலிருந்து வந்த அரைக்கும் கல்லும் தெற்கத்திச் சந்தனமும் சீந்துவாரில்லாமல் ஒரு மூலையில் கிடக்கின்றன. 'இந்தக் குளிரில் சந்தனம் எதற்கு?' என்று ஒதுக்கிவிட்டார்கள்! வெயில் காலத்தில் அது தினசரிப் பழக்கமாக இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 'பட்டினப்பாலை'யில் பூம்புகார் துறைமுகத்தில் குவிந்த சரக்குகளில் மேற்கு மலைச் சந்தனமும் ஒன்று. இன்றைக்கும் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. நாகூர் தர்காவின் சந்தனக்கூட்டிலும் இருக்கிறது. சாதி, மதம் பார்க்காத குளிர்ச்சி!

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? பாதி வேலை தண்ணீருடையது. ஈரம் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் கூட எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தத்துவம்தான். மீதி வேலை வாசனையுடையது. கட்டையின் வைரத்தில் இருக்கும் 'சாண்டலால்' என்ற எண்ணெய்ப் பொருள்தான் அந்த மணம். மூக்கு வழியாகப் போகும் மணம், மூளையில் உணர்ச்சிகளும் ஞாபகங்களும் குடியிருக்கும் பகுதியைச் சட்டென்று தொட்டுவிடும். அதனால்தான் சந்தன வாசனை வந்ததும் உங்களுக்குக் கோயிலோ, பாட்டியோ ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

சரி, பாட்டியின் அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது?

வட ஆற்காட்டுப் பக்கத்துப் பாட்டி என்றால், ஜவ்வாது மலையிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு. பெயரிலேயே வாசனை வைத்திருக்கும் மலை! திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துகிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைத்தொடர். இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது இவர்களின் வாய்வழி வரலாறு.

சந்தன மரம் ஒரு விசித்திரம். பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைச் செருகி, உணவில் பங்கு கேட்டு வளரும். விதைப்பது பறவைகள். வைரம் பாயவே 10, 15 வருஷம் ஆகும். நல்ல கட்டை கிடைக்க 30 வருஷமாவது காத்திருக்க வேண்டும். வேரிலும் எண்ணெய் உண்டு என்பதால் மரத்தை வெட்ட மாட்டார்கள். அடியோடு தோண்டி எடுப்பார்கள்.

இப்படிப்பட்ட மரத்தை அரசர்கள் சும்மா விடுவார்களா? 1792ல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை 'ராஜ மரம்' என்று அறிவித்தார். திப்பு போனார், பிரிட்டிஷ்காரன் வந்தான். 1882ல் சென்னை வனச் சட்டம். பிரிட்டிஷ்காரனும் போனான், நம் அரசு வந்தது. மரத்தின் ராஜ அந்தஸ்து மட்டும் போகவேயில்லை. உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் மரம் சர்க்காருக்குத்தான்! தமிழ்நாட்டில் இது மாறியது 2002ல். இப்போது மரம் நில உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால், அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது. ஜவ்வாது மலைக் கட்டைகள் இறங்கி வந்து சேர்ந்த இடம் திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்கு. ஏலம் எடுக்க வெளிமாநில வியாபாரிகள் வந்து குவிந்த இடம்.

நான் காமர்ஸ் படித்தவன். வரவு என்று ஒன்று இருந்தால் எங்கேயோ பற்று எழுதியிருக்க வேண்டுமே என்று தேடுகிற புத்தி. ஊருக்கெல்லாம் வாசனை வரவு. பற்று யார் கணக்கில்?

ஹவாய்த் தீவுகளுக்கு ஒரு நடை போய்வருவோம். 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து சீனாவுக்குக் கப்பல் கப்பலாகச் சந்தனம் போனது. தலைவர்கள் வெளிநாட்டுச் சாமான்களைக் கடனுக்கு வாங்கிக் குவித்தார்கள். அந்தக் கடனை அடைக்க, குடிமக்கள் வயலைவிட்டு மலையேறிக் கட்டை சுமந்தார்கள். பயிர் பார்க்க ஆளில்லாமல் பஞ்சம் வந்தது. 'எங்கள் பிள்ளைகளுக்காவது இந்தச் சுமை வேண்டாம்' என்று சந்தனக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

நம்மூர்க் கதை அதைவிடக் கொடுமை. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கும் மலையாளிப் பழங்குடிகள்தான். 1992 ஜூன் 20. 'சந்தனம் பதுக்கியிருக்கிறார்கள்' என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைப் பட்டாளமே ஊருக்குள் புகுந்தது. வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். தீர்ப்பு வர 19 வருஷம்! 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில்.

ஜவ்வாது மலையின் முறை 2015ல் வந்தது. மலையில் சந்தனம் அருகிவிட்ட காலம். விவசாயம் வானத்தைப் பார்த்தது. கூலிக்கு ஆள் கூட்டிப் போனார்கள், ஆந்திராவின் சேஷாசலம் காட்டுக்கு. அங்கே வெட்டியது சந்தனம்கூட இல்லை. வாசனையே இல்லாத செம்மரம். ஏப்ரல் 7 அன்று போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அதில் ஜவ்வாது மலைக் கிராமத்து ஆட்களும் உண்டு. 'தற்காப்புக்குச் சுட்டோம்' என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மரத்தை வாங்கவிருந்த பெரிய மனுஷர்கள் யாரும் அன்று காட்டில் இல்லை!

நம் மனசு குளிர வேண்டிய பொருளால், யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு குளிர்ந்து போயிருக்கிறது.

'அதனால் சந்தனமே பூசக் கூடாதா?' என்கிறீர்களா? தாராளமாகப் பூசுங்கள். அரசு விற்பனை நிலையத்தில் ரசீதோடு ஒரு சின்னத் துண்டு வாங்குங்கள். அது வருஷக்கணக்கில் வரும். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத மலிவுக் கட்டை வேண்டாம். உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரித்தால் விட்டுவிடுங்கள். தலைவலி விடாமல் வந்தால் டாக்டரைப் பாருங்கள்; கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அந்த மலையில் எவர் உயிரையும் வாங்காத மருந்துகள் நிறைய உண்டு. பொழுதுக்கும் நடை. சாமைச் சோறு. அப்புறம் இருட்டு! ஜவ்வாது மலையின் காவலூரில் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் நட்சத்திரம் பார்க்க இடம் பிடித்ததே, ஊர் வெளிச்சம் கலக்காத அந்தக் கருங்கும்மிருட்டுக்காகத்தான். விஞ்ஞானிக்கு நட்சத்திரம் காட்டும் இருட்டு, மற்றவர்களுக்குத் தூக்கம் தரும். இரவில் கண்ணில் படும் வெளிச்சம், தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கிறது என்பது இன்றைக்கு நிரூபணமான உண்மை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டி.வி.யையும் செல்போனையும் அணைத்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் ஜவ்வாது மலை உங்கள் படுக்கையறைக்கு வரும்.

கடைசியாக ஒன்று. பாட்டி சொன்ன வைத்தியத்தில் நாம் கவனிக்காமல் விட்டது அந்த ஐந்து நிமிஷத் தேய்ப்பு. அவசரப்பட்டால் சந்தனம் இறங்காது. வட்டமாக, ஒரே சீராக, பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பிலேயே மூச்சு நிதானப்பட்டுவிடும், பாதி டென்ஷன் கரைந்துவிடும். முப்பது வருஷம் காத்திருந்த மரத்துக்கு ஐந்து நிமிஷம்கூடத் தரக் கூடாதா?

இன்று ராத்திரி தேய்க்கும்போது, அந்த மலையையும் அந்த 20 பேரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.