ஒரு கிணறும் நான்கு கணக்குகளும்: தெல்லிப்பழை நிலத்தடி நீரில் துறைகள் தேடும் ஒழுங்கு

தெல்லிப்பழையில் பழைய தோட்டக் கிணறொன்றின் கட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால், மேலே செம்பாட்டு மண், அதன்கீழ் வெளிறிய சுண்ணக்கல். கல்லில் விரல் நுழையும் துளைகள் உண்டு. இடையிடையே கை நுழையும் வெடிப்புகளும் உண்டு. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் சில கிழமைகளுக்குள் வெள்ளைப் படை பிடித்துவிடும். மழைநீர் கரைத்துக் கொண்டுவந்த சுண்ணம் அடுப்படியில் மறுபடி கல்லாகிறது.

இந்தக் கிணற்றை நீரியல், இரசாயனவியல், மருத்துவம், சட்டம் ஆகிய நான்கு துறைகளும் தனித்தனியே படித்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஒழுங்கைக் கண்டது. சிக்கலான தொகுதியொன்றில் ஒரு துறை காணும் ஒழுங்கு, அத்துறை எதையெதைக் கணக்கிலிருந்து தள்ளிவைத்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஆகவே நான்கு முடிவுகளையும் கூட்டினால் முழுமை வந்துவிடாது. அவை எங்கே ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையோ அங்கிருந்தே ஆய்வு தொடங்கவேண்டும். 1948இல் வாரன் வீவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சில மாறிகளே உள்ள எளிய சிக்கல்களுக்கும், சராசரியால் அடக்கக்கூடிய பெருந்திரள் சிக்கல்களுக்கும் நடுவே ‘ஒழுங்கமைந்த சிக்கல்’ என்றொரு வகையைப் பிரித்துக் காட்டியது. தெல்லிப்பழை அமைந்துள்ள வலிகாமத்தின் நீர் இந்த நடுவகையைச் சேர்ந்தது.

முதலில் நீரியலின் கணக்கு. நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. விகிதம் ஏறக்குறைய 1.000க்கு 1.025. அதனால் மழைநீர் உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே 40 அடி நிற்கும். மறுபக்கம்தான் அச்சம் தருவது. இறைப்பினால் மேல்மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நீடித்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறிவர இடமுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர் ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வாய்பாடு வேறில்லை.

ஆனால் இவ்விதி நீர்தாங்கு படையை ஒரேசீரான மணற்படைபோல் எடுத்துக்கொள்கிறது. மியோசீன் காலத்துச் சுண்ணக்கல் அப்படிப்பட்டதன்று. கடலோரத்தில் கீரிமலைக் கேணிக்குள் நன்னீர் ஊறி வருகிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் ஒரே குழியில் நிற்கின்றன. கல்லுக்குள் நீர் தன் வழியைத் தானே அரித்துக்கொள்வதால், பக்கத்துக் காணிக் கிணறு உங்கள் கிணற்றோடு தொடுப்பில்லாமலும், கால் மைல் தள்ளியுள்ளது தொடுப்போடும் இருக்கலாம். சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒரு தரப்பு நிபுணர் உண்டு என்றும் இன்னொரு தரப்பு இல்லை என்றும் சொன்னதைப் பலர் வெறும் அரசியலாகப் பார்த்தார்கள். அரசியலும் இருந்தது. இருந்தாலும் இத்தகைய கல்லில் எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் மாதிரி எடுத்தோம் என்பதே விடையை மாற்றக்கூடியது. இவ்விவகாரத்தில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்குக் கட்டளையிட்டது. அறிவியல் இணங்கிவராத இடத்தில் சட்டம் முடிவு சொல்ல வேண்டியதாயிற்று.

இரசாயனவியலின் கணக்கு நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டங்கள் செறிந்த வலிகாமத்தில் பல கிணறுகள் இதைத் தாண்டுவதை நெடுங்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. 1970களில் இறக்குமதித் தடையோடு வெங்காயமும் மிளகாயும் பெருகின, யூரியாவும் பெருகியது. ஆனால் 50 என்ற எண் அந்த நைதரசன் யூரியாவிலிருந்து வந்ததா, வளவு மூலையிலுள்ள மலசலகூடக் குழியிலிருந்து வந்ததா என்று சொல்லாது. சமதானிப் பகுப்பாய்வு ஓரளவு சொல்லும். கிணறு தோட்டத்து நடுவிலா, வீட்டுக் கோடிக்குள்ளா என்று உரியவரிடம் கேட்டாலும் ஓரளவு தெரியவரும். இந்த இரண்டாவது வழியை நம் ஆய்வேடுகள் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் முறைப்பாடு.

மருத்துவத்திடம் வருவோம். 1854இல் லண்டன் பிராட் வீதியில் ஜோன் ஸ்னோ கொலரா மரணங்களை வரைபடத்தில் குறித்தார். புள்ளிகள் ஒரு குழாயடியைச் சுற்றிக் குவிந்தன. தெல்லிப்பழையில் அதே வேலையைச் செய்ய ஆசை எழுவது இயல்பு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த நடைபயணத்தில் திரட்டிய நிதியால் 2013இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை இங்கேதான் இருக்கிறது. நோயாளர் முகவரிகளை நைத்திரேற்று வரைபடத்தின்மேல் வைத்தால் என்ன?

இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று புகையிலை. உரம் கூடுதலாக இட்டுப் பயிர்செய்யும் தோட்டங்களில் அதுவும் ஒரு பயிர். புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. நைத்திரேற்று பற்றிச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சொல்வது ‘பெரும்பாலும் உண்டாக்கலாம்’ என்பதே. அதுவும் உடலுக்குள் நைத்திரோசோ சேர்மங்கள் உருவாகும் சூழலில் மட்டும். உரம், புகையிலை, வாயிற் குதப்பும் வெற்றிலை மூன்றும் ஒரே ஊர்களில் சேர்ந்து கிடந்தால், வரைபடம் எதைக் காட்டுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது தடை இதைவிட ஆழமானது. ஸ்னோவின் மக்கள் தங்கள் வீதியிலேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார்கள். வலிகாமம் வடக்கின் மக்கள் போரினால் 1990இல் எழுப்பப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. அறுபது வயதான ஒருவர் மானிப்பாயிலும் சாவகச்சேரியிலும் வன்னியிலும் குடித்த தண்ணீரைப் பதிவேட்டிலுள்ள தெல்லிப்பழை முகவரி எப்படிக் காட்டும்? புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கான மறைகாலம் உண்டு. இங்கே இடப்பெயர்வு வரலாறு ஓர் அளவீட்டுத் தரவு. அதைப் பின்னணித் தகவலாக முன்னுரையில் இரண்டு வரியில் எழுதிவிட்டு நகரும் நோய்ப்பரவலியல், தன் புள்ளிகளைத் தவறான இடத்தில் குத்துகிறது.

கடைசியாகச் சட்டம், அதாவது காணி உறுதிகள். கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் பழையது. 1706இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமை, காணி விற்பனையில் பங்காளருக்கு முன்னுரிமை தந்தது. பங்கு என்பது இறைப்பு முறை. முறை என்பது நாள். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீருக்கு மனித உடலே எல்லை வைத்தது. இயந்திரப் பம்பு வந்தபின்னும் உறுதியில் முறை அதே நாளாகவே நின்றது. அந்த நாளுக்குள் எடுக்கும் நீர் பலமடங்காயிற்று. சட்ட ஆய்வாளர் இதை உரிமை மாறாத தொடர்ச்சியாகப் படிப்பார். நீரியலாளரின் 1க்கு 40 என்ற கணக்கோ எழுத்துக்குள் நடந்த பெரும் முறிவை இதில் காணும். என் மதிப்பீட்டில் குடாநாட்டு நீர் நெருக்கடியின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மழை குறைந்ததை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துறைகளிடம் ஒரு வேண்டுகோள். புதிய பெருந்திட்டம் வேண்டாம். தெல்லிப்பழையில் பத்துக் கிணறுகளைத் தெரிவுசெய்து, கிணற்றுக்கு ஒரு கொப்பி வையுங்கள். மாதாந்த நீர்மட்டம், உவர், நைத்திரேற்று, உறுதியிலுள்ள பங்குகள், அந்தத் தண்ணீரைக் குடித்த குடும்பங்கள் எந்த ஆண்டு எங்கிருந்தன என்பவை ஒரே பக்கத்தில் வரட்டும். முறைக்கணக்கை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்; அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.