நெடாப் வாக்குப்பதிவு இயந்திரம்

நெதர்லாந்தின் குரோன்லோ நகரைச் சேர்ந்த நெடாப் நிறுவனத்தின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், நெதர்லாந்து, அயர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் தேர்தல்களில் பயன்படுத்தப்பட்டு, 2009ஆம் ஆண்டு முடிவதற்குள் இம்மூன்றிலும் கைவிடப்பட்டது. இவ்வியந்திரத்தால் முறைகேடு நடந்ததாக எங்கும் நிரூபிக்கப்படவில்லை. நடக்கவில்லை என்று வாக்காளரே உறுதிசெய்துகொள்ள வழியில்லாதிருந்ததே அதன் பெருங்குறை.

பொத்தானை அழுத்தியதும் வாக்கு நினைவகத்தில் பதிவாகுமேயன்றிக் காகிதத்தில் எந்தச் சான்றும் இராது. எண்ணிக்கை விரைவில் முடிந்ததால் டச்சு நகராட்சிகள் இதனை விரும்பி ஏற்றன; 2006 அளவில் அந்நாட்டு வாக்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இவற்றிலேயே பதிவாயின. ஆனால் இயந்திரத்தை இயக்கும் கட்டளைத் தொகுப்பாகிய மூல நிரல், நிறுவனத்தின் வணிக இரகசியமாகவே இருந்தது.

அயர்லாந்தில், விருப்ப வரிசைப்படி வாக்குகள் கைமாறும் முறை வழக்கிலிருப்பதால், கட்சி முகவர்கள் தடுப்புக்கு அப்பால் நின்று சீட்டுகளைக் கணக்கிட, எண்ணிக்கை பல சுற்றுகளாக நீளும். 2002 பொதுத்தேர்தலில் மூன்று தொகுதிகளில் இயந்திரம் வந்தபோது, முன்னாள் நீதித்துறை அமைச்சர் நோரா ஓவன் தம் தோல்வியை மேடையறிவிப்பிலேயே திடீரென அறிய நேர்ந்தது. தோற்றவரும் முடிவை ஏற்கும்படி செய்தது அந்த மெதுவான எண்ணிக்கையே என்பதைப் பலரும் அப்போதுதான் உணர்ந்தனர். 2004இல் மின்னணு வாக்குப்பதிவை ஆராய்ந்த சுயேச்சையான ஆணையம் இவ்வியந்திரத்தைப் பரிந்துரைக்க மறுத்ததும் ஏறத்தாழ 7,500 இயந்திரங்கள் கிடங்குகளில் முடங்கின. ஐந்து கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிய இத்திட்டத்தின் இயந்திரங்கள், 2012இல் சுமார் 70,000 யூரோவுக்குப் பழைய பொருளாக விற்கப்பட்டன.

நெதர்லாந்தில் திருப்பம் 2006 அக்டோபரில் நேர்ந்தது. ரோப் கொங்கிரைப் முன்னின்று நடத்திய குடிமக்கள் இயக்கம், மென்பொருள் பதிந்த சில்லுகளைச் சில நிமிடங்களில் மாற்றி முடிவுகளைத் திரிக்கலாம் என்று தொலைக்காட்சியில் காட்டியது. அதே இயந்திரத்தைச் சதுரங்கமும் ஆடவைத்தது. திரையிலிருந்து கசியும் மின்காந்த அலைகளைத் தொலைவிலிருந்தே பிடிக்கலாம் என்பதும் தெரிந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பெயரில் ஒலிக்குறி இட்ட ஓர் எழுத்து உண்டு. அது திரையில் தோன்றும்போது அலை மாறுவதால், அக்கட்சிக்கு வாக்களித்தவரை வெளியிலிருந்தே அறிய முடிந்தது. இரகசிய வாக்குரிமையே இவ்வாறு ஐயத்துக்குள்ளானது. 2008இல் அரசு காகிதச் சீட்டுக்கும் சிவப்புப் பென்சிலுக்கும் திரும்பியது.

ஜெர்மனியில் 2005 நாடாளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இவ்வியந்திரங்களில் வாக்களித்திருந்தனர். தனிச்சிறப்பான தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க இயல வேண்டும் என்று கூறி, 2009 மார்ச் 3 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பயன்பாட்டை அரசியலமைப்புக்கு முரணானதென அறிவித்தது. இத்தீர்ப்பின் சிறப்பு, நம்பிக்கையை நிறுவனத்தின் உறுதிமொழியிலிருந்து விடுவித்து, வாக்காளரின் உரிமையாக நிலைநாட்டியதில் உள்ளது.

கொங்கிரைப் 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகிய ஆய்வாளர்களுடன் இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தையும் ஆராய்ந்து அதன் பலவீனங்களை வெளியிட்டார்; இந்தியத் தேர்தல் ஆணையம் அம்முடிவுகளை ஏற்கவில்லை. எனினும், வாக்காளர் தம் வாக்கைக் கண்டு உறுதிசெய்ய உதவும் ஒப்புகைச் சீட்டைப் படிப்படியாகக் கொண்டுவருமாறு உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது.