விலை தெரிந்தால் போதுமா? வட கேரளக் கடற்கரையும் கைபேசியும்

1997 ஜனவரி 14 அன்று காலை, வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் பிடித்து வந்த மத்தியை வாங்க ஆளின்றி அதைக் கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பவிருந்தார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்கிறது. மத்தி சில மணி நேரத்தில் கெட்டுவிடும். விடிகாலைச் சந்தையோ சீக்கிரமே கலைந்துவிடும். எரிபொருளைச் செலவழித்து அடுத்த கரைக்குப் போனாலும் அங்கே என்ன விலை என்று கடலில் இருப்பவருக்குத் தெரியாது.

1997க்கும் 2000க்கும் இடையே கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு கரைகளுக்குக் கைபேசிச் சேவை ஒவ்வொன்றாக வந்தது. கோபுரங்களின் அலை கடலுக்குள் 20 கிலோமீட்டருக்கு மேலும் எட்டியதால், மீனவர்கள் படகிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தார்கள். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் லாபம் 8% உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4% குறைந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருசேரப் பயனடைந்த அரிய நிகழ்வு இது.

ஆனால், இதிலிருந்து ‘கைபேசி வந்தால் வறுமை போகும்’ என்ற முடிவுக்குத் தாவியவர்கள் பலர். ஆய்வாளர்கள் ஜானகி ஸ்ரீனிவாசனும் ஜென்னா பரெலும் 2013இல் கேரள மீனவர்களை மறுபடி ஆராய்ந்து, வட கேரளச் சூழலை எல்லா இடத்துக்கும் பொதுவாக்க முடியாது என்று வாதிட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் முடிவு. படகுக்கும் வலைக்கும் தரகரிடம் முன்பணம் வாங்கிய மீனவர், பிடித்ததை அந்தத் தரகர் வழியாகத்தான் விற்றாக வேண்டும். பக்கத்துக் கரையில் விலை இரண்டு மடங்கு என்று கைபேசி சொன்னாலும் அவரால் படகைத் திருப்ப முடியாது.

இந்தக் கடன் பிணைப்பை உடைக்கும் முயற்சி கைபேசிக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. தென் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் உருவான மீனவர் சங்கங்கள் ஏலம் விடும் உரிமையைத் தம் கையில் எடுத்தன. விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு, தரகரிடம் போகாமலே கடன் கிடைக்க வழிசெய்தன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இன்றும் இந்த வழியில்தான் இயங்குகிறது. கென்யாவில் 2007இல் தொடங்கிய கைபேசிப் பணப் பரிமாற்றச் சேவையான எம்-பெசாவும் கைபேசியை மட்டும் நம்பி வளரவில்லை. பணத்தை வாங்கவும் கொடுக்கவும் கடைத்தெருதோறும் முகவர்கள் இருந்ததால் வேரூன்றியது.

எத்தனை கோபுரம் நட்டோம், எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்ற கணக்கு, தகவல் கிடைத்தவர் அதன்படி நடக்க முடிந்ததா என்பதைக் காட்டாது. கடற்கரை ஊர்களுக்கு மின்னணுத் திட்டம் தீட்டுவோர் கூட்டுறவுக் கடனுக்கும் ஏல உரிமைக்கும் முதலில் நிதி ஒதுக்க வேண்டும். அது இல்லாத திட்டத்தை மீனவர் முன்னேற்றத் திட்டம் என்று அழைக்கக் கூடாது.