உளவியல் வகுப்பில் ஒளிப்படம்

உளவியல் கல்விக்குள் ஒளிப்படம் வந்தது மருத்துவமனை வழியாக. லண்டனை ஒட்டிய சர்ரே மாவட்ட மனநலக் காப்பகத்தில் 1848 முதல் 1858 வரை பெண்கள் பிரிவைக் கவனித்த மருத்துவர் ஹியூ வெல்ச் டயமண்ட், தம் நோயாளிகளை வெறும் திரைக்கு முன் உட்காரவைத்துப் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையை 1851-இல் வெளியிட்ட பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அவருடைய நண்பர். புதிய முறை காப்பகத்துக்குள் வர அதிக நாள் ஆகவில்லை. 1856-இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் டயமண்ட் மூன்று பயன்களைச் சொன்னார். நோயின் தோற்றத்தைப் பதிவுசெய்து படிக்கலாம்; வெளியே போனவர் மறுபடி வந்து சேர்ந்தால் அடையாளம் காணலாம்; படத்தை நோயாளியிடமே காட்டினால் தன் நிலையை அவர் உணர அது உதவும். முதலாவது அக்காலத்து முகலட்சண நம்பிக்கையின் தொடர்ச்சி. இரண்டாவது ஏறக்குறைய போலீஸ் வேலை. மூன்றாவதுதான் காலத்தை முந்திய யோசனை; உளவியலில் அதற்கு உரிய இடம் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பிரான்சில் மருத்துவர் டுஷேன் வேறு வழியில் போனார். வலி உணர்வு மங்கிய முகம் கொண்ட பல்லில்லாத முதியவர் ஒருவரின் முகத் தசைகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாக இயக்கி, உருவான பாவங்களைப் படமாக்கி 1862-இல் நூலாக வெளியிட்டார். உண்மையான மகிழ்ச்சியில் வாயோரத் தசையோடு கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்பது அவர் கண்டது. இன்றைய பாடநூல்களில் 'டுஷேன் சிரிப்பு' என்று வருவது இதுதான்.

இந்தப் படங்கள் சார்லஸ் டார்வின் கைக்கு வந்தபோது நடந்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். அவர் அவற்றுள் சிறந்த சிலவற்றைத் தேர்ந்து, எந்த விளக்கமும் சொல்லாமல் இருபதுக்கு மேற்பட்டோரிடம் காட்டி, முதியவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று கேட்டார். சில படங்களுக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதில் சொன்னார்கள். சிலவற்றுக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. இதைவிட முக்கியம், தம்மைப் பற்றி அவரே எழுதிவைத்த குறிப்பு. டுஷேனின் விளக்கத்தைப் படித்துக்கொண்டே பார்த்தபோது அநேகமாக எல்லாப் படங்களும் தமக்குப் பொருத்தமாகவே பட்டன, விளக்கம் இல்லாதிருந்தால் தாமும் மற்றவர்களைப் போலக் குழம்பியிருப்பார் என்று அவர் ஒப்புக்கொண்டார். படத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு படக்குறிப்பைப் பார்ப்பது என்ற பழக்கத்தை இவ்வளவு நேர்மையாக அதற்கு முன் யாரும் பதிவுசெய்ததாகத் தெரியவில்லை. இன்று காட்சித் தொடர்பியல் வகுப்பில் முதல் வாரத்திலேயே செய்துபார்க்கும் பயிற்சியின் மூலவடிவம் இது.

உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய டார்வின் நூல் 1872-இல் ஏழு ஹீலியோடைப் படத்தகடுகளுடன் வந்தது. 1867-இல் உலகின் பல பகுதிகளுக்கு அவர் அனுப்பிய கேள்விகளுக்குக் கல்கத்தாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூடப் பதில்கள் வந்திருந்தன. ஆனால் படங்களில் இருந்த முகங்கள் ஐரோப்பிய முகங்கள். ஆஸ்கார் ரெய்லாண்டர் என்ற ஒளிப்படக்காரர் தாமே நடித்து வெறுப்பு, வியப்பு போன்ற பாவங்களைக் காட்டினார். நூலில் மிகவும் புகழ்பெற்ற அழும் குழந்தைப் படம், உண்மையில் ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்த சித்திரத்தை மறுபடி ஒளிப்படமாக்கியது. ஆக, அறிவியல் சான்று என்று வாசகர் நம்பிப் பார்த்த பக்கங்களில் நடிப்பும் சித்திரமும் கலந்தே இருந்தன.

பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் இந்தக் கலப்பு எல்லை மீறியது. மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோவின் மேற்பார்வையில் பூர்ன்வீலும் ரெஞாரும் 1876 முதல் 1880 வரை ஹிஸ்டீரியா நோயாளிகளின் படங்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அகஸ்டீன் என்று அழைக்கப்பட்ட பதின்பருவப் பெண்ணின் படங்களுக்குக் கீழே 'பரவசம்', 'காதல் இரத்தல்' என்றெல்லாம் குறிப்புகள் இருந்தன. படத்தகடு ஒளியை வாங்க நேரம் எடுத்த காலத்தில், வலிப்பில் துடிக்கும் உடல் தெளிவாகப் பதியாது. தெளிவாகப் பதிந்தவை நிலைத்து நின்ற கோலங்களே. நோயின் இயல்பைப் படங்கள் காட்டினவா, படத்துக்கு ஏற்ற கோலத்தை நோயாளிகள் கற்றுக்கொண்டார்களா என்ற கேள்வியை 1982-இல் கலை வரலாற்றாசிரியர் திதி-ஹூபர்மன் ஒரு முழு நூலாகவே எழுப்பினார். இரண்டாவது பதிலுக்கே ஆதாரம் கூடுதல்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஆராய்ச்சி கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு நகர்ந்தது. 1924-இல் வெளியான கார்னி லாண்டிஸின் மின்னசோட்டா ஆய்வு அதன் விசித்திரமான அத்தியாயம். பங்கேற்றவர்களின் முகத்தில் கரியால் கோடுகள் போட்டு, தசை நகர்வை அளக்க வசதி செய்துகொண்டார். அம்மோனியாவை முகரவைத்தார், ஆபாசப் படங்களைக் காட்டினார், தவளைகள் கிடந்த வாளிக்குள் கைவிடச் சொன்னார். கடைசியில் உயிருள்ள எலியின் தலையை அறுக்கச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் கேமரா முகத்தைப் பதிந்தது. கிடைத்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது: எந்தச் சூழ்நிலைக்கும் உரிய தனி முகபாவம் என்று ஒன்றும் தென்படவில்லை, சங்கடத்தில் சிரித்தவர்களே அதிகம். இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத சோதனை இது. ஆனாலும் நடித்த முகத்துக்கும் நிஜ முகத்துக்கும் உள்ள தூரத்தை அது காட்டியது.

நடிப்பைத் தவிர்க்க நார்மன் மன் 1940-இல் எளிய வழி ஒன்றைக் கண்டார். 'லைஃப்', 'லுக்' இதழ்களில் வந்த இயல்பான படங்களிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி மாணவர்களுக்குக் காட்டினார். பிறகு சூழலோடு முழுப் படத்தையும் காட்டினார். சூழல் தெரிந்ததும் பல படங்களில் மாணவர்களின் கருத்து ஒன்றுபட்டது. முகத்தைச் சுற்றியிருப்பதும் முகத்தின் பொருளில் பங்கு கொள்கிறது என்பதற்கு அச்சு இதழே ஆய்வுக்கருவியாயிற்று.

எனினும் தனி முகப் படம் ஓயவில்லை. பால் எக்மன் 1967-68-இல் பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் ஒளிப்படங்களைக் கொண்டுபோனார். அடிப்படை உணர்ச்சிகளின் முகபாவம் உலகெங்கும் ஒன்று என்று வாதிட்டார். 1976-இல் அவரும் ஃப்ரீசனும் வெளியிட்ட 110 கறுப்பு வெள்ளைப் படங்கள் உளவியல் துறைகளின் பொதுச்சொத்து போலாயின. படங்கள் நடிக்கவைக்கப்பட்டவை, பதில்கள் முன்கூட்டியே பட்டியலிட்டுத் தரப்பட்டவை என்ற எதிர்ப்பும் வந்தது. 2016-இல் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் நடந்த ஆய்வில், மேற்கத்தியர் அச்சம் என்று கொள்ளும் வாய் பிளந்த முகத்தை அங்குள்ளவர்கள் மிரட்டல் என்று கொண்டார்கள்.

காட்சித் தொடர்பியலுக்கும் உளவியலுக்கும் பாலம் போட்டவர் ருடால்ஃப் ஆர்ன்ஹைம். பெர்லினில் கெஸ்டால்ட் உளவியலின் மூலவர்களிடம் பயின்று, நாஜி ஆட்சியால் நாடு விட்டு வந்து, நியூயார்க் அருகே சாரா லாரன்ஸ் கல்லூரியில் உளவியல் கற்பித்தார். உருவும் பின்புலமும், அண்மை, சமநிலை என்ற புலனுணர்வு விதிகளைக் கலைப்படைப்புகள்மீது பொருத்திக் காட்டிய அவருடைய 1954-ஆம் ஆண்டு நூல், கேமராவைத் தொடும் மாணவருக்கு இன்றும் பாடம்.

இதற்கிடையே கேமரா கை மாறத் தொடங்கியது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மனநல ஆய்வொன்றில் பணியாற்றிய ஜான் காலியர், ஊர்ப் படங்களைக் காட்டிக்கொண்டே பேட்டி எடுத்தால் மக்கள் துல்லியமாகவும் சலிக்காமலும் பேசுகிறார்கள் என்று 1957-இல் எழுதினார். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸில்லர் 1970-களில் இன்னும் ஒரு படி போய், கேமராவை மாணவரிடமே கொடுத்து, 'நீ யார்?' என்ற கேள்விக்குப் பன்னிரண்டு படங்களால் பதில் சொல்லச் சொன்னார். 1990-களின் தொடக்கத்தில் கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 62 கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்தார்கள். தங்கள் உடல்நலத்தையும் வேலைச்சுமையையும் அவர்களே படமெடுத்து, அவர்களே விளக்கி, அதிகாரிகளிடம் கொண்டுபோனார்கள். 'ஃபோட்டோவாய்ஸ்' என்ற பெயரில் இம்முறை உலகெங்கும் பரவியது.

கல்லூரி உளவியல் வகுப்பில் இன்று தரப்படும் ஒளிப்படப் பயிற்சி இவை எல்லாவற்றையும் கலந்தது. பேருந்து நிறுத்தத்தில் மனிதர்கள் விட்டு நிற்கும் இடைவெளி, ஒரு குழுவுக்குள் ஒதுங்கி நிற்பவர், உருவும் பின்புலமும் இடம் மாறித் தெரியும் சுவர் என்று ஏதாவது ஒரு கருத்தைப் படமாக்க வேண்டும். சக மாணவர்கள் முதலில் குறிப்பில்லாமல் பார்த்துப் பொருள் எழுதுவார்கள். எடுத்தவர் பிறகுதான் பேசுவார். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே விவாதத்தின் பொருள். ஃபோட்டோவாய்ஸ் முறையில் ஒப்புதலும் பாடத்தின் பகுதி: படமெடுப்பவரிடமும் படத்தில் வருபவரிடமும் தனித்தனியாக எழுத்தில் பெற வேண்டும், படத்தை வெளியிடுவதற்கு இன்னொன்று தேவை.